அங்கே பிரேக் இல்லை, செண்பகம்

ஏட்டி செண்பகம்,

இப்படிக் கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். 'அன்புள்ள மனைவிக்கு' என்று ஆரம்பித்தால், யாருக்கோ எழுதுகிறேன் என்று நினைத்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். நாலு பேர் படிக்கிற இடத்தில் இப்படி எழுதலாமா என்று மாரீஸ்வரி கேட்டாள். "உங்க அம்மாவுக்கு நான் வச்ச பேரே அதான் பிள்ள" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சிரிக்கும்போது உன்னை மாதிரியே மூக்கைச் சுருக்குகிறாள், அதை நான் அவளிடம் சொல்வதில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நம்ம மகள் பிக்கப் வண்டி வாங்கிவிட்டாள். மில்லில் கணக்கு எழுதுகிற வேலையை விட்டுவிட்டு, சுந்தரபாண்டியம் ஓரத்தில் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நர்சரி போட்டிருக்கிறாள். தென்னங்கன்று, மாங்கன்று, கொய்யா. நீ கொல்லையில் பால் பாக்கெட் கவரில் முளைக்க வைத்த கன்றுகளைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது என்று நான் சொல்வேன். இப்போது கூமாப்பட்டியிலும் கன்று கேட்கிறார்கள், சேத்தூரிலும் கேட்கிறார்கள். வாடகை வண்டிக்காரன் காலையில் வாரேன் என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் வந்து நிற்பான். அதற்குள் கன்று எல்லாம் தலை தொங்கிவிடும். சொந்த வண்டி இல்லாமல் அவளால் இந்தத் தொழிலை நடத்த முடியாது.

புதுசு நமக்கு எட்டாது. கம்மியாக ஓடின பழைய வண்டியாகப் பார்ப்போம் என்று முடிவு பண்ணினோம். ஓட்டப் போவது அவள்தான். எனக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு, பிள்ளை என்னை ஸ்டியரிங்கைத் தொட விடுவதில்லை. மலையடிவாரத்து ரோட்டில், பின்னால் லோடை ஏற்றிக்கொண்டு, பொம்பளைப் பிள்ளை தனியாகப் போய் வர வேண்டும். நம்மிடம் இருப்பது இந்த ஒரு பிள்ளை. தப்பான வண்டியில் அவளை ஏற்றிவிடக் கூடாதே என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டி பார்க்க எனக்கு எங்கே தெரியும்? ஓட்டத்தான் தெரியும். நாம் முன்னே வைத்திருந்த பிக்கப்பை வாங்கப் போனபோது நான் பெயிண்டையும் ஹாரனையும் பார்த்தேன். நீ நேரே போய் பானட்டில் உள்ளங்கையை வைத்தாய். "என்னண்ணே சூடா இருக்கு? நாங்க வாரதுக்கு முந்தியே எதுக்கு ஸ்டார்ட் பண்ணி வச்சிய?" என்றாய். விற்க வந்தவன் முழித்தான். ஆறிப்போன இன்ஜினை நம் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணினால்தான் அது திக்குகிறதா, புகை என்ன நிறத்தில் வருகிறது என்று தெரியுமாம். கத்தரிக்காயைக்கூட நீ காயைப் பார்த்து வாங்க மாட்டாய், காம்பைப் பார்த்துத்தான் வாங்குவாய். ஸ்டியரிங்கைத் தொடவே தொடாதவள், அன்று எங்கள் எல்லாரையும் ஒரு ஓரமாக நிற்க வைத்துவிட்டாய்.

அப்புறம் உன் கேள்வி ஒன்று இருக்கிறதே. கம்மியாக ஓடின வண்டி என்று யார் சொன்னாலும், "சரி, எதுக்கு ஓடல?" என்று கேட்பாய். ஓடின வண்டி எதற்கு ஓடியது என்று யாரும் கேட்க வேண்டாம், ஓடாத வண்டிக்குத்தான் காரணம் வேண்டும் என்பாய். அந்தக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு நான் கிளம்பினேன். துணைக்கு மெக்கானிக் மைதீன் பாயைக் கூட்டிக்கொண்டேன். அவர் இன்னமும் உன்னைத் தங்கச்சி என்றுதான் சொல்கிறார், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்.

முதலில் பார்த்தது திருவில்லிபுத்தூரில். மிலிட்டரியில் இருந்து வந்தவர் ஒருத்தர், கூமாப்பட்டியில் தோப்பு வைத்திருக்கிறார், வீடு இங்கே. "எதுக்குய்யா ஓடல?" என்று நான் கேட்டேன். "மகன் ஓட்டுவான்னு வாங்குனேன். அவன் போலீஸ் வேலைக்குப் போயிட்டான். எனக்கு முட்டி மடங்காது. நின்னுக்கிட்டே கெடக்கு" என்றார். தகரக் கொட்டகைக்குள் வண்டி தூசி மூடி நின்றது. பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருந்தது.

டயரில் பட்டன் தேயாமல் அப்படியே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பித்தவெடிப்பு மாதிரி விரிசல். டயர் செய்த வாரமும் வருஷமும் அதன் மேலேயே நாலு எண்ணாக அடித்திருப்பார்கள் என்று மைதீன் பாய் மாரீஸ்வரிக்குக் குனிந்து காட்டினார், அது வண்டி வாங்கின காலத்து டயரேதான். தண்ணீர் போகிற ரப்பர் குழாய்கள் காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்திருந்தன. பேட்டரி செத்துக் கிடந்தது. டேங்க் மூடியைத் திறந்தால் ஊசிப்போன டீசல் வாடை. "எலி வயரைக் கடிச்சிருக்கு, நானே சொல்லிடுதேன். பொறவு வந்து என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் அந்த மனிதர். பெடல் ரப்பரில் வரி வரியான மேடு இன்னும் தேயாமல் இருந்தது. மீட்டர் சொன்னது நெசம்தான்.

இருந்தும் எனக்கு மனசு ஒட்டவில்லை. நின்ன வண்டிக்குச் செலவு இழுக்கும் என்று மைதீன் பாயும் சொன்னார். அதைவிட, குளவிக் கூடு கட்டின வண்டியில் என் பிள்ளையை உட்கார வைக்க எனக்கு என்னவோ போல் இருந்தது. "வேற ஒண்ணு பாத்துட்டு வாரோம்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் மாரீஸ்வரி என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்த வண்டி பிடித்துப்போய்விட்டது.

ரெண்டாவது வண்டி நம்ம ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டில் ஒரு புரோக்கரிடம் நின்றது. புது பெயிண்டில் வெள்ளை வெளேர் என்று, கழுவித் துடைத்து, கே.எல். நம்பர் பிளேட்டோடு. "கேரளா வண்டிண்ணே. டாக்டர் வீட்டு எஸ்டேட்டுக்குள்ளயே ஓடுனது. மீட்டரைப் பாருங்க" என்றான் அந்தத் தம்பி. நம்ம ஊர்க்காரனுக்குக் கேரளா வண்டி என்றாலே ஒரு மயக்கம், உனக்குத் தெரியாததா? அவர்கள் தினமும் குளிப்பாட்டி, பொட்டு வைத்து வைத்திருப்பார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு. நானும் மயங்கிவிட்டேன். எதுக்கு ஓடல என்ற உன் கேள்விக்கு எஸ்டேட் என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மைதீன் பாய் தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் நானும் மகளும் மட்டும்தான். உன்னை நினைத்துக்கொண்டு பானட்டில் கையை வைத்தேன், சூடாக இருந்தது. "கழுவுறதுக்காக முன்னுக்கு எடுத்தேண்ணே" என்றான். அதையும் நம்பினேன். ஏறி உட்கார்ந்தேன் பாரு, சீட் என் முதுகுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. இதுதான் நம்ம வண்டி என்று மனசு அடித்துச் சொன்னது.

மாரீஸ்வரிதான் மசியவில்லை. "அண்ணே, கம்மியா ஓடுன வண்டிக்கு எதுக்கு பெடல் ரப்பரைப் புதுசா மாத்திருக்கிய?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் பளிச்சுன்னு பண்ணித்தான் கொடுப்போம் தங்கச்சி."

அவள் சீட் பெல்ட்டை உள்ளே இருந்து கடைசிவரை உருவினாள். வெளியே தெரிகிற நாடா நன்றாகத்தான் இருந்தது, தோளில் படுகிற இடம் ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. ஸ்டியரிங்கில் மாட்டியிருந்த புது உறையை விலக்கினாள், அடியில் கை பட்டுப் பட்டு மொழுமொழுவென்று ஆகியிருந்தது. "நீ உங்க அம்மாவுக்கு மேல நோண்டுத" என்று நான் அவளைத்தான் கடிந்தேன். அவ்வளவு ஆசை எனக்கு.

ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினோம். அவள் ஓட்ட, நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம் பழக்கமே இல்லையே. பஞ்சு மார்க்கெட் திருப்பத்தில் ஒரு மினி பஸ் சடாரென்று குறுக்கே வந்தது. அவள் பிரேக் போடுவதற்குள் என் வலது கால் தன்னால் கீழே அழுத்தியது. அழுத்தின குதிகால் ஒரு குழிக்குள் இறங்கியது.

குனிந்து பார்த்தேன், செண்பகம். காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டில் குதிகால் அளவுக்கு ஒரு குழி. குழிக்கு நடுவில் சிவப்பு ரப்பரில் ஒரு ஒட்டு, சைக்கிள் டியூபுக்குப் போடுகிற பஞ்சர் ஒட்டு.

உனக்குச் சொல்ல வேண்டுமா? எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த காலம் பூராவும் நீ இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாய். எதிரே பஸ் வந்தால் மிதிப்பாய், மாடு வந்தால் மிதிப்பாய், எவனாவது வாழைத்தார் சைக்கிளோடு வந்தால் அதற்கும் மிதிப்பாய். "ஏட்டி, அங்க பிரேக் இல்லட்டி" என்பேன். "நீங்க மிதிக்கல, நான் மிதிக்கேன்" என்பாய். மிதித்து மிதித்து மேட்டில் ஓட்டை விழுந்தது. புது மேட் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, எதுக்குத் தண்டச் செலவு என்று பஞ்சர் கடையில் ஒரு துண்டு ரப்பர் வாங்கி நீயே ஒட்டினாய். அதன் மேலும் மிதித்தாய்.

மீட்டரைத் திருப்பினவன் ஓட்டுகிறவன் பக்கத்தை எல்லாம் புதுசாக்கிவிட்டான். பக்கத்து சீட்டில் ஒருத்தி பிரேக் போட்டிருப்பாள் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

"ஓரமா நிப்பாட்டு பிள்ள" என்றேன். என்னப்பா என்றாள். மேட்டைக் கையால் காட்டினேன். அவள் இறங்கி இந்தப் பக்கம் வந்து, குனிந்து, அந்தச் சிவப்பு ஒட்டை விரலால் தடவினாள். "அம்மாது" என்றாள். ரோட்டோரத்தில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் அழுதோம். ஒரு டீக்கடைக்காரர் வந்து தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நாம் அலைந்த நேரத்தில் விற்ற வண்டி இது. செங்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நீ படுக்கையை விட்டு எழுந்து வாசலுக்கு வரவில்லை. சத்தம் தெரு முனை தாண்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செகண்ட் கியர்ல எதுக்கு இம்புட்டு இழுக்கான்" என்று மட்டும் சொன்னாய். அங்கே இருந்து மலையைத் தாண்டிப் போய், வேறு நிறம் பூசி, வேறு நம்பர் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து என் முன்னால் நிற்கிறது.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? அந்த மீட்டரில்தான். கொல்லத்துக்கு மாங்காய் ஏற்றிப் போனோமே, அது அதில் இல்லை. கூமாப்பட்டியில் மழைக்கு ஒதுங்கி, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கடலை கொறித்தோமே, அது இல்லை. பிள்ளையைக் காலேஜில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வழி நெடுக நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததும் இல்லை. அந்த மீட்டரை நம்பினால் நீயும் நானும் எங்கேயும் போகவே இல்லை.

திரும்பிப் போனபோது மைதீன் பாய் வந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கண்டதை நான் சொல்வதற்குள் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் அடியில் நுழைந்தார். வெளியே வந்து உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "மச்சான், இது தங்கச்சி வண்டி. அடியில என் கை வேலை இருக்கு" என்றார். அடிச்சட்டமான சேஸிஸில் முன்னே விரிசல் விட்டபோது அவர் வைத்த வெல்டிங்தான். அதன் மேல் கறுப்பு பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், திட்டாதே. அப்பவும் நான் "இதையே எடுத்துடுவோம் பாய்" என்றேன். "தெரிஞ்ச வண்டிதான."

"தெரிஞ்ச வண்டிங்கதாலதான் சொல்லுதேன். ஒட்டுக்குப் பக்கத்துல மறுபடியும் விரிசல் ஓடுது. லோடை ஏத்திக்கிட்டு மேடு பள்ளத்துல போனா எங்க வச்சு ஒடியும்னு சொல்ல முடியாது. இதுல பிள்ளைய ஏத்துவியளா?"

மாரீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்றதுதாம்ப்பா" என்றாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் வண்டியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். நீ இருந்தால் என்ன செய்வாய்? அந்த வண்டியில் ஒரு தரம் ஏறி உட்கார்ந்து பார்ப்பாய், அழுவாய், இறங்கி வந்து, "காம்பு அழுகிப்போச்சு, வாங்க போவோம்" என்பாய். எனக்கு அப்படியே காதில் கேட்டது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். உன்னை ரெண்டாம் தடவை அனுப்பி வைக்கிற மாதிரி இருந்தது, அதை யாரிடம் சொல்ல?

புரோக்கர் தம்பியிடம், இது எங்கள் வண்டி, இது எம்புட்டு ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவன் முகம் செத்துப்போனது. "நான் வாங்கும்போதே மீட்டர் இப்படித்தாண்ணே இருந்துச்சு" என்றான். இருக்கலாம். மைதீன் பாய் விடவில்லை. அங்கேயே கிடந்த மஞ்சள் பெயிண்டை எடுத்து, மறுபடியும் அடியில் போய், விரிசலைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வந்தார். "குனிஞ்சு பாக்கிறவனுக்காவது தெரியட்டும்" என்றார். இந்தக் கடிதத்தை நான் உன் படத்துக்கு முன்னால் வைக்காமல் ஊர் படிக்கக் கொடுத்ததும் அதற்குத்தான். வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், தயவுசெய்து ஒரு தரம் குனிந்து பாருங்கள்.

கிளம்பும்போது, "தம்பி, அந்தக் கிழிஞ்ச மேட்டை எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டேன். அவன் தானே உருவி, தூசி தட்டிக் கொடுத்தான்.

மறுநாள் திருவில்லிபுத்தூர் மிலிட்டரிக்காரர் வீட்டுக்கே திரும்பிப் போனோம். ஆர்.சி. புக்கில் இருந்த சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருந்த நம்பரும் ஒன்றுதானா என்று மாரீஸ்வரி காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்துப் பார்த்தாள். பேங்க் கடன் அடைந்து பெயர் நீங்கியிருக்கிறதா, எஃப்.சி. எதுவரைக்கும் இருக்கிறது என்று அவள் கேட்கக் கேட்க, அந்த மனிதர் சலிக்காமல் எடுத்துக் காட்டினார். "இப்படித்தாம்மா கேக்கணும்" என்றார். டயர், பேட்டரி, குழாய், பெல்ட் எல்லாம் மாற்றி, டேங்கைக் கழற்றிக் கழுவி, எலி கடித்த வயரை எல்லாம் மைதீன் பாய் சரி பண்ணினார். ஆறிக் கிடந்த இன்ஜின் முதல் சாவியிலேயே எழுந்துகொண்டது. "பாத்து ஓட்டும்மா, நின்னே பழகிப்போச்சு அதுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைக் கொடுத்தார். குளவிக் கூட்டைக் கலைக்க மட்டும் அவள் சம்மதிக்கவில்லை, குஞ்சு பறந்து போகட்டும் என்று ரெண்டு நாள் காத்திருந்தோம். யாருக்குப் பிறந்தவள்?

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முதல் லோடாகத் தென்னங்கன்று ஏற்றிக்கொண்டு கூமாப்பட்டிக்குக் கிளம்பினோம். இடது பக்கம் உன் மேட்டை விரித்துவிட்டுத்தான் நான் ஏறினேன். அளவு கொஞ்சம் சேரவில்லை, ஓரத்தை வெட்டிக்கொண்டேன். சுந்தரபாண்டியம் தாண்டி ஒரு திருப்பத்தில் டிராக்டர் ஒன்று எதிரே வந்தது. பிள்ளை பதறாமல் ஒதுக்கினாள். நான்தான் காலை வைத்து அழுத்து அழுத்து என்று அழுத்தினேன்.

"அப்பா, அங்க பிரேக் இல்லப்பா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முன்னாடி பார்த்து ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் ஒன்று விளங்கியது. என் ஓட்டத்தின் மேல் உனக்கு நம்பிக்கை இல்லை என்றே நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இப்போது நம்ம மகள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள், எனக்கு அது நன்றாகவே தெரியும். இருந்தும் என் கால் மிதிக்கிறது. அப்படியானால் நீயும் என்னை நம்பித்தான் மிதித்தாய், இல்லையா? எல்லாரையும் எதுக்கு ஓடல என்று கேட்டவள், நீ எதுக்குட்டி பாதியிலேயே நின்றாய்?

கவலைப்படாதே. அவள் ஓட்டுகிற வரைக்கும், என் உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும், அந்த சீட்டில் நான் உட்கார்ந்து போவேன். எதிரே எது வந்தாலும் மிதிப்பேன். ஒட்டு பிய்ந்தால் பஞ்சர் கடைக்குப் போய் நானே ஒட்டிக்கொண்டு வருவேன், புது மேட் போட மாட்டேன். என் குதிகால் பெரிசு, உன் குழிக்குள் முழுசாக அடங்கவில்லை. அடங்குகிற மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

உன் மகளுக்கு இடது பக்கத்திலிருந்து,
உன் வீட்டுக்காரன்